கண் துணைக்குழுவின் தீர்மானம்

ரூபன் இறந்த பதினோராம் நாள் அவனுடைய படையைப் பற்றி நவமணிக்கு ஒரு கடிதம் வந்தது. கருமாதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

கடிதத்தின் தலையில் இரண்டு வாள்களுக்கு நடுவே ஒரு கழுகு இறக்கை விரித்திருந்தது. கீழே ‘வரலாற்றுச் சிறுபடைக் கழகம், ஈப்போ’ என்று அச்சடித்திருந்தார்கள். மறைந்த உறுப்பினரின் படையில் மொத்தம் அறுபது வீரர்கள். ஐம்பத்தொன்பது பேர் கழக அலமாரியில் இருக்கிறார்கள். ஒருவரைக் காணவில்லை. அந்த வீரரை, முழுமையாக வண்ணம் தீட்டிய நிலையில், தொண்ணூறு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் விதி பதினான்கின்படி படை முழுவதும் டெட்டாலில் இடப்படும். கடைசி வரியில், தங்கள் துயரத்தில் கழகமும் பங்குகொள்கிறது, படிவம் இணைக்கப்பட்டுள்ளது என்றிருந்தது.

காணாமல்போன வீரர் நவமணியின் வீட்டில்தான் இருந்தார். சன்னலோரத்து மேசையில், காய்ந்துபோன பெயிண்ட் மூடிகளுக்கு நடுவில், மார்பளவு இறுகிய பிசின் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பெருவிரலில் பாதி உயரப் பொம்மை. கையில் சுத்தியல்.

அவர் ஒரு பிரெஞ்சுப் பாலப்படை வீரர். ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டில் மாஸ்கோவிலிருந்து தோற்றுத் திரும்பிய படை பெரெசினா என்ற ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் இல்லை. ஏறத்தாழ நானூறு பேர் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் இறங்கிப் பலகை அடித்தார்கள். ரூபன் இதைச் சோறு சாப்பிடும்போது சொல்வான்.

“அக்கா, இவங்க கையில துப்பாக்கியே கிடையாது. தண்ணிக்குள்ள நின்னு நின்னே பாதிப் பேருக்கு மேல செத்துட்டாங்க. மத்தவங்க இவங்க தலைக்கு மேல நடந்து போனாங்க.”

“சோறு ஆறுது. சாப்பிடு,” என்பாள் நவமணி.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அறுபதாவது ஆளுக்கு ஒரு கண்ணை வைத்துவிட்டு ரூபன் தூரிகையைக் கழுவினான். “தலை வலிக்குதுக்கா. மிச்சக் கண்ண நாளைக்கு வைக்கிறேன்,” என்று படுத்தான். டெங்கிக் காய்ச்சல். ஆறாம் நாள் போய்விட்டான். அவனுக்கு இருபத்தேழு வயது. அம்மா, அப்பா இருவரும் போன பிறகு அவனை அவள்தான் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கு அனுப்பி, இப்போது சுடுகாட்டுக்கும் அனுப்பிவைத்தாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷர்வினைக் கூப்பிட்டாள். ரூபனோடு வேலை செய்தவன், கழகத்திலும் உறுப்பினன். வந்து உட்கார்ந்தவன் அந்த ஒற்றைக் கண் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“டெட்டால்ல எதுக்குய்யா போடறாங்க?”

“ரெண்டு நாள் ஊறினா பெயிண்ட் கழண்டுரும்கா. அப்புறம் பழைய பல்லு பிரஷ்ஷால தேய்ச்சா புதுசு மாதிரி ஆயிரும். ஆளுக்குப் பத்துப் பத்தா பிரிச்சு, அவங்கவங்க இஷ்டத்துக்கு அடிச்சுக்குவாங்க.”

“எல்லாமே போயிருமா? மூஞ்சிகூட?”

“மூஞ்சிதான்கா மொதல்ல போவும்.”

அறுபது முகங்களையும் ரூபன் தனித்தனியாகச் செய்திருந்தான். ஒருவனுக்கு மூக்கு சிவந்திருக்கும், ஒருவனுக்கு உதடு நீலம். ஒருவனுக்கு மட்டும் அவளுடைய கன்னத்து மச்சத்தை வைத்துவிட்டு மூன்று நாள் சிரித்துக்கொண்டிருந்தான்.

“நான் போயி எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துர்றேனே.”

“முடியாதுக்கா. சேரும்போதே போராங் படிவத்துல சைன் வெச்சிட்டான். அலமாரியில இருக்கறது கழகத்துக்குச் சொந்தம். ஆனா படை முழுசா முடிஞ்சிருந்தா வேற கதை. ‘நினைவுப் படை’ன்னு பதிஞ்சு அவன் பேர ஒட்டுவாங்க. வருஷா வருஷம் மேசை மேல பகடை உருட்டி ஆடற பெரிய ஆட்டத்துல ஆத்தக் கடக்கும். ஒருத்தனும் டெட்டால் போட முடியாது.” அவன் பொம்மையைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தான். “ஒரு கண்ணுதானக்கா. நான் வெச்சுக் குடுக்கவா? அஞ்சு நிமிஷ வேலை.”

“வேணாம்.”

“ஏங்கா?”

“அவன் நாளைக்கு வைக்கிறேன்னான்.”

ஷர்வின் மைலோவைக் குடித்துவிட்டு, கோப்பையை அவனே கழுவிவைத்துவிட்டுப் போனான்.

*

கழகம் ஜெலாப்பாங்கில், அப்துல் நாசரின் உணவுக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நாசர் கழகத்தின் செயலாளரும்கூட. நடுவில் பெரிய மேசை. அதன்மேல் ரஷ்யா. கீழிருந்து மீன்தலைக் கறியின் மணம் ஏறி ரஷ்யாவின் மீது பரவிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பதினான்கு ஆண்கள் பித்தான் வைத்த நீலச் சட்டையில் வேர்த்துக்கொண்டு நின்றார்கள்.

தலைவர் பத்துமலையை எல்லாரும் மார்ஷல் என்றே அழைத்தார்கள். நில அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சுக்குப் போனதில்லை. ஆனால் பிரெஞ்சுக் காலாட்படைச் சட்டைக்கு எந்த ஆண்டில் எத்தனை பித்தான் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். அவர் மனைவியின் பிறந்தநாளைச் செயலாளர் நினைவூட்ட வேண்டியிருந்தது.

கூட்டம் ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்கியது. எல்லாரும் தலை குனிந்தார்கள். இத்தனை பேர் ரூபனுக்காகத் தலை குனிந்து நிற்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

“பெரெசினா ஆற்றில் உயிர்நீத்த பாலப்படை வீரர்களுக்கு நன்றி. அமரலாம்,” என்றார் மார்ஷல்.

நவமணி நின்றுகொண்டே இருந்தாள். “ரூபனுக்கும் சேர்த்துதானுங்களே?”

மார்ஷல் செயலாளரைப் பார்த்தார். நாசர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

“விதி மூணுக்கா. கழகத்தோட காலவரம்பு ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்திரண்டுலேருந்து ஆயிரத்து எண்ணூத்துப் பதினஞ்சு வரைக்கும். மௌனம் அந்தக் காலத்துல செத்தவங்களுக்கு மட்டுந்தான்.” அவர் உண்மையாகவே வருந்தினார். “தம்பி கொஞ்சம் தாமதமாப் போயிட்டாப்ல.”

“நாங்க உணர்ச்சிக்கு விரோதிங்க இல்லம்மா,” என்றார் மார்ஷல். “உணர்ச்சிக்குன்னே நிகழ்ச்சி நிரல்ல ஒரு இடம் இருக்கு. ஏழாவது. நேரம் இருந்தா எடுப்போம். அழறதுக்கும் ஆட்சேபம் இல்ல. மேசைக்கு ரெண்டடி தள்ளி நின்னு அழுங்க, ரஷ்யாவுல பசை விட்டுரும்.”

அன்று ஆறாவதோடு நேரம் முடிந்துவிட்டது.

*

முதலில் பனி தவறு என்றார்கள்.

ரூபன் தன் வீரர்களைச் சுற்றித் தண்ணீரில் மிதக்கும் பனியைச் சோடா மாவில் செய்திருந்தான். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலம் கலந்திருந்தான். நிழலில் பனி அப்படித்தான் தெரியும் என்று எங்கோ படித்திருந்தானாம். வரலாற்றுப் பிழை தேடும் மெய்ம்மைக் குழு அந்த நீலத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

கழகத்தில் பனியை நேரில் பார்த்தவர் நாசர் மட்டும்தான். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொரியா போயிருந்தார். தம்பி செய்த பனி சரியாகத்தான் இருக்கிறது என்று சாட்சியும் சொன்னார். அது ஏற்கப்படவில்லை. அவர் பார்த்தது கொரியாவின் பனி. விசாரணையில் இருப்பது ரஷ்யாவின் பனி.

கழகத்தின் பனி நிறம் முதல் விதிப்புத்தகத்திலேயே முடிவாகியிருந்தது. மார்ஷல் பிறந்தது சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தூய வெண்மை என்று அவருக்குத் தெரிந்த ஒன்று, அவருடைய அம்மா வாளியில் சுமந்துவந்த ரப்பர் மரத்துக் கித்தாப் பால். ஆகவே ‘பனி என்பது காலை பத்து மணிக்கு வாளியில் உள்ள பாலின் நிறம்’ என்று எழுதினார். பிறகு தோட்டம் செம்பனை ஆனது. செம்பனை வீடமைப்புத் திட்டம் ஆனது. இப்போதைய உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வாளியைக் கண்டதில்லை. இருந்தும் நெப்போலியனின் படை ஒவ்வொரு ஆண்டும் பால் காய்ந்த மஞ்சள் வெண்மையின் மேல்தான் பின்வாங்கியது. யாருக்கும் குறையாகத் தெரியவில்லை.

“அப்ப தம்பி போட்டத சுரண்டி எடுத்துரணுமா?” என்று நவமணி நாசரைத் தனியாகக் கேட்டாள்.

“சுரண்ட வேணாம்கா. அது மேலயே போடுங்க. பனி மேலதான பனி விழும்.”

நான்கு சனிக்கிழமை மாலை அவள் அங்கே உட்கார்ந்து, ஐம்பத்தொன்பது பேரைச் சுற்றியும் கழகத்தின் பனியைத் தூவினாள். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் விசிறி மோட்டார்களைச் சோதித்துப் பச்சைத் தாளோ சிவப்புத் தாளோ ஒட்டுகிற கைகள் அவளுடையவை. அங்கே சிவப்புத் தாள் ஒட்டினால் மோட்டார் சுற்றவில்லை என்று பொருள். இங்கே எது சுற்றவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. தூவி முடித்ததும் ஒவ்வொரு முகத்தையும் ஒருமுறை பார்ப்பாள். மச்சம் வைத்த ஆள் வந்தபோது மேசையிலிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

அவளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் நாசர்தான். கல்லாவை மகளிடம் விட்டுவிட்டு மேலே வருவார். கழகத்திலேயே நடுங்காத கை அவருடையது. “ரூபன் கையும் அப்படித்தான்கா,” என்றார் ஒருநாள். “இந்தக் கழகத்துல எனக்குப் பொறாமை வந்தது அவன் ஒருத்தன் மேலதான்.”

கடிதம் வந்த எழுபதாம் நாள் பனி தேர்ச்சி பெற்றது. அறுபதாவது ஆளை அவள் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

மார்ஷல் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“இவருக்கு ஒரு கண்ணுதான் இருக்கு.”

“ஆமாங்க.”

“இன்னொன்னு?”

“இன்னும் வைக்கல.”

“எப்ப வைப்பீங்க?”

“வைக்கப் போறதில்லீங்க. அப்படியே இருக்கட்டும்.”

அறையில் பதினான்கு பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். மார்ஷல் கண்ணாடியைக் கீழே வைத்தார். “அந்த இருக்கற கண்ணும் நேராப் பாக்கல. மேல பாக்குது.”

அது உண்மை. ரூபன் வைத்த அந்தக் கண் சற்று மேலே பார்த்தது. தண்ணீரில் நிற்பவன் கரையிலிருந்து யாரோ கூப்பிட்டு நிமிர்ந்தது போல. அந்தக் கண்ணை வைத்த சாயங்காலம் சாப்பிட வா என்று நவமணிதான் கூப்பிட்டாள்.

*

கண் துணைக்குழு என்று ஒன்று அமைக்கப்பட்டது. மார்ஷல் தலைவர், நாசரும் ஷர்வினும் உறுப்பினர்கள். மூன்று முறை கூடியது.

முதல் கூட்டத்தில், ஒற்றைக் கண் வீரர் வரலாற்றுக்கு ஏற்புடையவரா என்று பேசினார்கள். ரஷ்யத் தலைமைத் தளபதிக்கே ஒரு கண் பழுது என்று ஷர்வின் எடுத்துச் சொன்னான்.

“சரிதான். ஆனா அவரு தளபதி,” என்றார் மார்ஷல். “கண்ணு போனா வரலாறாகணும்னா அதுக்கு ஒரு பதவி வேணும். சாதா ஆளுக்குப் போனா அது மருத்துவக் குறிப்பு. இவரு எந்தச் சண்டையில கண்ணை விட்டாரு? பேரு என்ன?”

“பேரு தெரியாதுங்க,” என்றாள் நவமணி.

“பேரில்லாத ஆளுக்கு மருத்துவச் சான்றிதழ் யாரு தருவா?”

இரண்டாம் கூட்டத்தில் ஷர்வின் வேறு வழி கொண்டுவந்தான். “அவரு கண்ண மூடிட்டு இருக்காருன்னு வெச்சுக்குவமே, மார்ஷல். தண்ணி தெறிச்சிருக்கும்.”

மார்ஷல் இதை மதித்தார். விதிகளை ஆராய்ந்தார். கடமை நேரத்தில் இரு கண்களையும் மூடுவது உறக்கம், அதற்குத் தண்டனை சுடப்படுதல். ஒரு கண்ணை மூடினால் பாதித் தண்டனை. ஒருவரைப் பாதி சுடுவதற்குக் கழகத்தில் பகடை இல்லை. யோசனை கைவிடப்பட்டது.

மூன்றாம் கூட்டத்தில் மார்ஷலே இறங்கி வந்தார். “அம்மா, நானும் மனுசன்தான். ஒரு வழி சொல்றேன். இறந்தவங்களுக்குக் கண் பரிசோதனை கிடையாது. இந்த ஆள தண்ணியிலேருந்து அறுத்தெடுத்து, கரையில படுக்க வெச்சிருவோம். பிணம்னு பதிஞ்சிரலாம். படை முழுமையாயிரும். இப்படிச் சலுகை இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல.”

நவமணி கைக்குட்டையை இறுக்கிக்கொண்டாள்.

“அவன் நிக்கட்டுங்க.”

“நிக்கறதுன்னா உயிரோட இருக்கறதுன்னு அர்த்தம். உயிரோட இருந்தா ரெண்டு கண்ணு வேணும்.”

“இன்னும் முடியலன்னு எழுதிக்கக் கூடாதுங்களா?” என்று கேட்டாள் அவள். “முடியாததுன்னு ஒரு பிரிவு இல்லீங்களா?”

“இருக்கும்மா,” என்றார் மார்ஷல். “டெட்டால்.”

வாக்கெடுப்பில் ஷர்வின் நவமணியின் பக்கம் கை தூக்கினான். நாசர் விதியின் பக்கம் கை தூக்கிவிட்டு அவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் நடுநிலை காத்தார். ‘கண் பரிசீலனையில் உள்ளது, படைப்பெட்டியை ஆட்டத்திற்கு முந்தின நாள் ஆய்வுக்கு ஒப்படைக்கவும்’ என்று தீர்மானம் நிறைவேறியது. ஆட்டம் எண்பத்தொன்பதாம் நாள்.

எண்பத்தெட்டாம் நாள் மாலை அவள் பெட்டியில் கடைசிக் குழியில் பஞ்சு வைத்து அந்த ஆளை நிறுத்தினாள். நாசர் ரசீது எழுதிக் கொடுத்தார்.

“முடிவ மாத்த மாட்டாங்களாண்ணே?”

“மார்ஷல் மாற மாட்டாருக்கா. எனக்குப் பதினெட்டு வருஷமாத் தெரியும்.” அவர் மூடியை மெதுவாகச் சாத்தினார். “ஆனா ஒண்ணு, அந்தப் பையன் வேலையை டெட்டால்ல போட என் கை வராது. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்.”

கழகத்தில் தனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலோடு அவள் பஸ் ஏறினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்மாடி நிரம்பியிருந்தது. கமுந்திங்கிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். நவமணி படியேறி வந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. ஷர்வின் மட்டும் தட்டாமல் சன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

மேசையில் ஆறு ஓடியது. அறுபது பேரும் அதில் இறங்கி நின்றார்கள். முன்வரிசையில் ஒரு பித்தளைப் பட்டை: ‘ரூபன் நினைவுப் படை’.

மார்ஷல் எழுந்து வாசித்தார். “வீரர் எண் அறுபது. பனி, சரி. சுத்தியல், சரி. கண், இரண்டு. பார்வை, நேர். படை நிரந்தரமாக ஏற்கப்படுகிறது.”

நவமணி மேசையருகே போனாள். ரஷ்யாவின் உயரத்துக்குக் குனிந்தாள்.

நாசர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. விரல் நுனியில் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்திருந்தது.

“விடிகாலை சுபுஹ் தொழுதுட்டு உக்காந்தேன்கா. மூணே மயிரு உள்ள பிரஷ். மூச்ச அடக்கிட்டு வெச்சேன். நீங்க வைக்க மாட்டேன்னீங்க, வாஸ்தவம். உங்க கை அதுல படவே இல்ல. உங்க பேச்சும் தப்பல, படையும் பொழச்சிருச்சு.”

பெயிண்ட் காய்ந்த விரலால் அவர் அந்த ஆளைக் காட்டினார்.

“ஒரு சின்னச் சிக்கல் இருந்துச்சு. ரூபன் வெச்ச கண்ணு கொஞ்சம் மேல பாத்துச்சுல்ல? காய்ச்சல்ல வெச்சிருப்பான் போல, கை ஆடியிருக்கு. நான் ஒண்ண நேரா வெச்சு அவன் வெச்சது மேல பாத்தா மாறுகண்ணாயிரும். மார்ஷல் விடமாட்டாரு. அதான் அதையும் தொடச்சிட்டு, ரெண்டையும் புதுசா வெச்சிட்டேன். இப்ப பாருங்க.”

அவள் பார்த்தாள். பிசிறில்லாத வேலை. இரண்டு கண்ணும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. அந்தச் சிறிய ஆள் தண்ணீரில் நின்றபடி யாருடைய குரலுக்கும் நிமிராமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை முடியும் இடத்தில், அக்கரையில், மார்ஷலின் வயிறும் அதன் பித்தான்களும் இருந்தன.

யாரோ பகடையை உருட்டினார்கள். நெப்போலியனின் படை அசைந்தது. நீளக் கோலால் நீலச் சட்டைப் பொம்மைகளைப் பாலத்தின் மேல் தள்ளத் தொடங்கினார்கள். முதல் வரிசை ரூபனின் ஆட்களுடைய தலைக்கு மேலே போனது.

நாசர் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்குண்ணே,” என்றாள் நவமணி.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“பரவால்ல லா. நம்ம பையன் இல்லையா,” என்றார். “நினைவுப் படையை டெட்டால்ல போடத்தான் கூடாது, பராமரிப்புக்கு விதி இடம் குடுக்குது. மத்தவங்களையும் பார்த்தேன்க்கா. அங்கங்க மூக்கு செவப்பா இருக்கு, ஒருத்தன் கன்னத்துல ஏதோ புள்ளிகூட விழுந்திருக்கு. அடுத்த வருஷத்துக்குள்ள அந்த அம்பத்தொம்பது பேரையும் ஒவ்வொண்ணா சரி பண்ணிருவோம்.”